இரண்டு மணிக்குப் போகிறவர்கள்

இல்லம்மா, முன்னால போகுதே சிவப்பு பனியன், அது இல்ல. அது பின்னாலயே மூணு பேர் ஒட்டிக்கிட்டுப் போறாங்களே, அவங்களும் இல்ல. கண்ண அப்படியே பின்னாடி கொண்டு வாங்க. நீலப் பனியன், முடிய ஒட்ட வெட்டியிருக்கா, தோள் ஆடாம வர்றா பாருங்க... அதான். அதான் எம் பொண்ணு. ஆறாவதா வர்றா. வயசா? முப்பத்தொண்ணு. மத்ததெல்லாம் இருபது, இருபத்தொண்ணு. நடுவுல இவ ஒருத்தி, பிள்ளைங்கள டூர் கூட்டிட்டு வந்த டீச்சர் மாதிரி.

அஞ்சு ரவுண்டு முடிஞ்சுது. பத்தாயிரம் மீட்டரு, மொத்தம் இருபத்தஞ்சு. அந்தப் பெரியவர் அட்டை மாத்திக்கிட்டே இருக்காரே, அது பாக்கி ரவுண்டு. பயப்படாதீங்க, உங்க பொண்ணு சர்டிபிகேட் வாங்கிட்டு வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்கு. அந்த மேஜையப் பாத்தீங்கல்ல? ஒரு ஆள் எழுதறாரு, ஒரு ஆள் கையெழுத்துப் போடறாரு, மூணு பேர் வேடிக்கை பாக்கறாங்க. நல்லா ஓடினா உங்க பொண்ணு. ஆயிரத்தைநூறு மீட்டர்ல ரெண்டாவதுன்னா சும்மாவா? நானும் கைதட்டினேன். நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க, அப்ப நீங்க அழுதுக்கிட்டு இருந்தீங்க.

நம்ம ஆளுக்கு முதல் இடமெல்லாம் வேணாம்மா. முப்பத்தேழு நிமிஷம். அதுக்கு ஒரு செகண்டு கம்மியா வந்தாப் போதும், மண்டல அணியில பேர் வந்துடும். பேர் வந்துட்டா ஆபீஸ்ல தினம் ரெண்டு மணி நேரம் பிராக்டிஸ் பர்மிஷன் குடுத்தே ஆகணும். நாலு மணிக்குப் பதிலா ரெண்டு மணிக்குக் கிளம்பலாம். விதியிலயே இருக்கு, நான் படிச்சுப் பாத்தேன். அதே விதியில இன்னொண்ணும் இருக்கு, முப்பத்திரண்டு வயசு ஆயிட்டா அணியில புதுசா எடுக்கக் கூடாதுன்னு. எந்த மகராசன் எழுதினானோ. அடுத்த மாசம் இவளுக்கு முப்பத்திரண்டு. அதனால இன்னிக்கு விட்டா விட்டதுதான்.

ஒரு ரவுண்டுக்கு எண்பத்தெட்டு செகண்டு போட்டுக்கிட்டு இருக்கா. அப்படியே போனா வந்துடுவா. காலேஜ்ல இவளுக்குக் கடியாரம்னு பேரு. அஞ்சாவது ரவுண்டும் இருபதாவது ரவுண்டும் ஒரே நேரத்துல ஓடுவா.

வெயிலப் பாத்தீங்களா? ஆம்பளைங்க பத்தாயிரத்தைக் காலையில ஆறு மணிக்கே முடிச்சாச்சு, குளுகுளுன்னு. பொம்பளைங்களுக்கு மூணு மணி. ஏன்யா இப்படின்னு அந்த அமைப்பாளர்கிட்டக் கேட்டேன். பொம்பளைங்க வீட்டு வேலையெல்லாம் முடிச்சுட்டு வர வசதியா இருக்கும்னாரு. கேலி பண்ணலம்மா, நிஜமாவே அக்கறையாத்தான் சொன்னாரு. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

நானா? நான் பஸ் ஒர்க்‌ஷாப்புல லேத் ஓட்டினவன். ரிட்டையர் ஆகிப் பத்து வருஷம் ஆச்சு. லேத் ஓட்டினேன்னு சொல்றேனே தவிர, பாதி நாள் கேட்டுக்கு வெளியிலதான் நின்னேன். சங்கம். மூணு தடவ உள்ள போயிட்டு வந்திருக்கேன், ஒரு தடவ பதினோரு மாசம். படிப்பு எட்டாங்கிளாஸ். அதுக்கப்புறம் படிச்சதெல்லாம் பிட் நோட்டீஸ்தான். ரோட்டுல கெடக்கிறத எடுத்து, மண்ணத் தட்டிட்டுப் படிப்பேன். அப்புறம் நானே எழுத ஆரம்பிச்சேன். நாப்பது வருஷம். மில்லு, பஸ்ஸு, தண்ணி, கரண்டு, ஆஸ்பத்திரி, எந்தச் சங்கத்துல பிரச்சினைன்னாலும் எங்கிட்டத்தான் வருவாங்க. ஒரு மந்திரி மேடையில நின்னு, இந்த நோட்டீஸ எழுதறவன் கைய ஒடைக்கணும்னு பேசியிருக்காருன்னா பாத்துக்குங்க. அன்னிக்கு வீட்டுல எல்லாருக்கும் இனிப்பு வாங்கிட்டுப் போனேன்.

எட்டாவது ரவுண்டு. எண்பத்தெட்டு. பாத்தீங்களா? கடியாரம்.

காலேஜ் முடிஞ்சதும் என்ன பண்றதுன்னு கேட்டீங்கல்ல, நான் வேற பேச்சு பேசிக்கிட்டு இருக்கேன். சொல்றேன். பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க.

காலேஜ்ல இருக்கிற வரைக்கும் உங்க பொண்ணு ராணிம்மா. ஹாஸ்டல் சாப்பாடு, கிரவுண்டு, கோச், கால் பிடிச்சுக்கிட்டா ஐஸ் வைக்க ஒரு ஆளு. கடைசிப் பரீட்சை எழுதிட்டு வெளிய வர்றாங்கல்ல, அன்னிக்குச் சாயங்காலமே கேட்டுல வாட்ச்மேன் கார்டக் காட்டுன்னு கேப்பான். மூணு வருஷமா தினம் குட்மார்னிங் சொன்ன அதே வாட்ச்மேன். இவகிட்டக் கேட்டான். சிரிச்சுக்கிட்டேதான் வீட்டுல வந்து சொன்னா. அப்புறம் சாப்பிட உக்காந்தா, தட்டுல கைய வச்சபடியே இருக்கா.

கோச் நல்ல மனுஷன்தான். தூர ஓட்டத்துக்கு இருபத்தேழு, இருபத்தெட்டுலதான் பொம்பளைங்க உடம்பு பழுக்கும், இப்ப நீ பாக்கறது உன்னோட பாதிதான்னு அவரேதான் இவளுக்குச் சொன்னாரு. அடுத்த வாரம் அவரே, இனிமே நீயாப் பாத்துக்கம்மா, எனக்குப் புதுப் பிள்ளைங்க வந்துட்டாங்கன்னும் சொன்னாரு. அவரச் சொல்லிக் குத்தமில்ல. காலேஜுக்கு மெடல் காட்டணும், அவருக்கு அதுக்குத்தான் சம்பளம்.

சரி, ஊர் மைதானம் இருக்கேன்னு போனா, பொம்பளைங்களுக்குக் காலைல பத்துலேருந்து பன்னெண்டு வரைக்கும்னு போர்டு. வேலைக்குப் போற பொண்ணு பத்து மணிக்கு எங்கம்மா இருக்கும்? மனு எழுதிக் குடுத்தேன், காலைல ஆறுக்கு மாத்துங்கன்னு. பதில் வந்துச்சு. பொம்பளைங்க யாரும் மைதானத்துக்கு வர்றதில்ல, அதனால நேரத்த மாத்த வேண்டிய தேவை எழலைன்னு. அந்த லெட்டரப் பத்திரமா வச்சிருக்கேன். அத எழுதினவனுக்கு ஒரு மாலை போடணும்.

அப்புறம் ரோடுதான். விடியறதுக்கு முன்னாடி ரோட்டுல ஓடுவா. பால் வண்டிக்காரன் விசில் அடிப்பான், பேப்பர் போடறவன் பாட்டுப் பாடுவான், கார்ல போறவன் கண்ணாடிய இறக்கிட்டு, எங்க இவ்வளவு அவசரம், நான் கொண்டுபோய் விடட்டுமாம்பான். இவ அம்மா சைக்கிள எடுத்துக்கிட்டுப் பின்னாலயே போக ஆரம்பிச்சா. அவளுக்கு ரெண்டு முழங்காலும் தேஞ்சு போனது. பன்னெண்டு கிலோமீட்டர் மிதிச்சுட்டு வந்து சமைப்பா.

நானா? நான் எங்கேயாவது ஒரு கேட்டு முன்னால காலை ஷிப்ட் ஆளுங்ககிட்டப் பேசிக்கிட்டு இருப்பேன். பெண்ணுரிமையப் பத்திகூடப் பேசியிருக்கேன். நல்லாவே பேசுவேன்.

பத்து ரவுண்டு. பதினாலு நிமிஷம் நாப்பது. ஒரு செகண்டு பிசகல. அந்தப் பச்சை பனியன் பொண்ணு நின்னுடுச்சு பாருங்க, குனிஞ்சுக்கிட்டு... பாவம், வெயிலு. யாராவது தண்ணி குடுங்கய்யா! ஓ, குடுக்கறாங்க.

வேலை இருபத்திரண்டு வயசுல கிடைச்சுது. கரண்டு ஆபீஸ், விளையாட்டுக்காரங்களுக்கு ஒதுக்கின இடம். எனக்குத் தெரிஞ்சவங்க மூலமா இல்ல, அதத் தெளிவாச் சொல்லிடறேன், இவ ஓடி வாங்கினது. மீட்டர் டெஸ்டிங். நீங்க பாத்திருக்க மாட்டீங்க. ஒரு நீள ரூம், ரெண்டு பக்கமும் பெஞ்சு, பெஞ்சு முழுக்க மீட்டர் வரிசையா மாட்டியிருக்கும். கரண்டு குடுத்து, உள்ள இருக்கிற சக்கரம் சரியான வேகத்துல சுத்துதான்னு பாக்கணும். சரியா இருந்தா மூடிபோட்டு, கம்பி கட்டி, ஈயத்த வச்சு இடுக்கியால நசுக்கி சீல் வைக்கணும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அறுபது மீட்டர். இவ வலது கட்டவிரலத் தொட்டுப் பாத்தா லேத் ஓட்டின எங் கையே தோத்துப் போகும்.

அப்ப பர்மிஷன் இருந்துச்சு. விளையாட்டுக்காரங்க ரெண்டு மணிக்குப் போகலாம். இவ ரெண்டு மணிக்குள்ள நாப்பது முடிச்சுடுவா. பாக்கி இருபது இருக்கே? அது மத்தவங்க தலையிலதான். பக்கத்து பெஞ்சுல ஒரு பொண்ணு, இவ வயசுதான், இவளுக்கு உயிர். பத்த நான் பாத்துக்கறேன், நீ ஓடு, ஒலகத்தச் சுத்திட்டு வான்னு சிரிச்சுக்கிட்டே எடுத்துக்குவா. வீட்டுக்கெல்லாம் வரும். இவ மெடல் வாங்கினா அது குதிக்கும். மீதிப் பத்து இருக்கு பாருங்க, அது தினம் யாராவது ஒருத்தர் மேல விழுந்துச்சு. அவங்க பல்லக் கடிச்சாங்க. நியாயம்தானேம்மா? மூணு வருஷமா ஒரு ஆளோட வேலையில மூணுல ஒரு பங்க அடுத்தவன் செஞ்சா அவனுக்குக் கோபம் வராதா?

அந்த மூணு வருஷத்துல இவ எங்கேயோ போயிட்டா. கிரவுண்டு காலியா இருக்கிற நேரம், நல்ல வெளிச்சம், வெளியூர்லேருந்து ஒரு கோச் எழுதியனுப்பற அட்டவணை. இருபத்தஞ்சு வயசுல முப்பத்துநாலு நிமிஷம் நாப்பது செகண்டு ஓடினா. இன்னிக்கு முன்னால போறாளே சிவப்பு பனியன், அவளுக்குப் பக்கத்துல இருந்திருப்பா. நாட்டு அணி முகாமுக்கு உத்தேசப் பட்டியல்ல பேர் வந்துச்சு. இன்னும் ரெண்டு மாசம் இதே மாதிரி பயிற்சி, ஒரு தகுதிப் போட்டி, அவ்வளவுதான் பாக்கி. கோச் சொன்ன மாதிரியே உடம்பு பழுத்துக்கிட்டு வந்துச்சு.

அப்பதான் ஒரு நோட்டீஸ் வந்துச்சு.

சங்கத்து நோட்டீஸ்மா. கரண்டு சங்கம். சரகத்துல இருக்கிற பன்னெண்டு ஆபீஸ்லயும் ஒரே நாள்ல ஒட்டிட்டாங்க. இரண்டு மணிக்குப் போகிறவர்கள் யார்? அதுதான் தலைப்பு. நாலு மணி வரைக்கும் முதுகு ஒடிய ஒருத்தன், ரெண்டு மணிக்கு ஒய்யாரமா ஒருத்தன், ஒரே சம்பளம், ஒரே கூரை, ரெண்டு நீதியான்னு போகும். ஒரே வேலைக்கு ஒரே நேரம்னு முடியும். நல்லா இருந்துச்சு, அதச் சொல்லித்தான் ஆகணும். ஒரு வார்த்தை வீண் இல்ல. படிக்காதவன்கூட ஒரு தடவ கேட்டா மனப்பாடம் ஆயிடும்.

அந்தச் சங்கம் இருபது வருஷமாக் கேட்ட எதையும் நிர்வாகம் குடுத்ததில்ல. கழிவறை கேட்டாங்க, குடுக்கல. கையுறை கேட்டாங்க, குடுக்கல. இத மட்டும் மறுநாளே குடுத்துட்டாங்க. ஊழியர்களின் நியாயமான கோரிக்கையை ஏற்று விளையாட்டு பர்மிஷன் ரத்துன்னு. ஊழியர்களின் நியாயமான கோரிக்கை! அவங்க வாயிலேருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவ. அதிகாரியோட மச்சான் ரெண்டு மணிக்குப் போயிக்கிட்டிருந்தான், அவன் இன்னிக்கும் ரெண்டு மணிக்குத்தான் போறான். சரகத்துல ஓடற ஆளு மொத்தம் மூணு பேரு. ரெண்டு ஆம்பளைங்க வேற சரகத்துக்கு மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டாங்க. இவ மட்டும் நின்னா.

எழுதினவனுக்கு மூளை இருந்திருந்தா என்ன கேட்டிருக்கணும்? அந்த இருபது மீட்டருக்கு இன்னொரு ஆள் போடுன்னு கேட்டிருக்கணும். ஒருத்திக்கு வேலை கிடைச்சிருக்கும், மத்தவங்க பாரம் கொறைஞ்சிருக்கும், இவளும் ஓடியிருப்பா. அடுத்தவனோட ரெண்டு மணி நேரத்தப் பிடுங்குன்னு கேக்கறது முதலாளி கேக்க வேண்டியதும்மா. தொழிலாளி கேக்கறதில்ல.

பதினஞ்சு. எவ்வளவு காட்டுது, எனக்குக் கண்ணு கூசுது... இருபத்திரண்டு அஞ்சா? எண்பத்தொம்பது போட ஆரம்பிச்சுட்டா. பரவால்ல. இன்னும் கையில இருக்கு. சிவப்பு இவள ஒரு ரவுண்டு தாண்டிட்டா, அது வேற கணக்கு, அத விடுங்க. மூச்சு வாயால வாங்கறா. தோள் லேசா ஏறுது பாருங்க. பாப்பா, தோளு! தோள எறக்கு! கேக்காது. எதிர்க்காத்து.

எங்க விட்டேன்? ஆங். அந்த நோட்டீஸக் கிழிச்சு எடுத்துக்கிட்டு வந்து எங்கிட்டக் குடுத்தா. அழலம்மா. நீங்கதான் இதுக்குப் பதில் எழுதணும்னா. எழுதினவன் யாருன்னு தெரியல, ஆனா உங்க மாதிரியே எழுதறான்பா, உங்களக் காப்பி அடிக்கிறான்னா. நானும் உக்காந்தேன். மூணு நாள். எந்த நோட்டீஸுக்கும் நான் அரை மணி நேரத்துக்கு மேல உக்காந்ததில்ல. இதுக்கு மூணு நாள். நான் ஒரு வரி எழுதினா, அதுக்கு அந்த நோட்டீஸ்ல ஏற்கெனவே பதில் இருக்கு. வேற பக்கம் சுத்தி வந்தா அங்கயும் ஒரு வரி நிக்குது. கடைசியில ஏதோ எழுதினேன், நூறு பேர்கிட்டப் போச்சு. விளையாட்டு நாட்டுக்குப் பெருமை, அது இதுன்னு. படிச்சவன்லாம் கொட்டாவி விட்டான். வாழ்க்கையில நான் எழுதின ஒரே மோசமான நோட்டீஸ் எம் பொண்ணுக்காக எழுதினது.

அப்புறம் இவளுக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. ரெண்டு மணிக்குக் கிளம்பற விஷயம், எவ்வளவு மீட்டர் பாக்கி வைக்கறா, அதெல்லாம் யாருக்கு முழுசாத் தெரியும்? பக்கத்து பெஞ்சுக்காரிக்குத்தானே. அவதான் வெளிய சிரிச்சுட்டு உள்ள புகார் குடுத்திருக்கான்னு முடிவு பண்ணிட்டா. அந்தப் பொண்ணு இல்லடி, நான் இல்லடின்னு கதறியிருக்கு. வீட்டுக்கே வந்துச்சு ஒரு நாள். வாசல்ல நின்னு, நீங்களாவது சொல்லுங்க அப்பான்னு என்னப் பாத்துச்சு. என்ன அப்பான்னுதான் கூப்பிடும். நான் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன். இவ கதவச் சாத்திட்டா. அந்தப் பொண்ணு பெஞ்ச மாத்திக்கிட்டுப் போயிடுச்சு. ஆறு வருஷமா ஒரே ரூம்ல முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க ரெண்டு பேரும்.

பர்மிஷன் இல்லாம அந்த ரெண்டு மாசத்த எப்படி ஓட்டறது? தகுதிப் போட்டியில பாதியில நின்னுட்டா. முகாம் போச்சு. அப்புறம் எல்லாரும் பேச ஆரம்பிச்சாங்க, வயசாகுது, வயசாகுதுன்னு. சரின்னு கல்யாணம் பண்ணிக்கிட்டா. மாப்பிள்ளை கெட்டவன் இல்லம்மா. கெட்டவனா இருந்தா சுலபம், எதுத்து நிக்கலாம். இவ மெடலையெல்லாம் கண்ணாடிப் பெட்டி செஞ்சு ஹால்ல மாட்டினான். வர்றவங்களுக்கெல்லாம் காட்டுவான். ஆனா காலைல ஓடப்போறேன்னா, ஞாயித்துக்கிழமை ஓடேன், தினமுமாம்பான். பெட்டியில இருக்கிறது அவனுக்குப் பிடிச்சுது. பெட்டிக்கு வெளிய இருக்கிறது ஓடப் போயிட்டா காலைல யாரு காபி போட்டுக் குடுக்கறதுன்னு அவனுக்குத் தெரியல.

அப்புறம் குழந்தை. பேத்தி, மூணு வயசு, இப்ப எங்க வீட்டுல பாட்டிய மேய்ச்சுக்கிட்டு இருக்கும். பிரசவம் ஆகி ஏழெட்டு மாசம் கழிச்சு இவ ஓடிட்டு வந்து குளியலறையில உக்காந்து அழுதான்னு அவ அம்மா சொன்னா. ஓடும்போது அடக்க முடியாமப் போயிடுதோ என்னவோ, எங்கிட்ட முழுசாச் சொல்லல. உங்களுக்குப் புரியும். டாக்டரம்மாகிட்டப் போயிருக்காங்க. அவங்க, பிள்ளைதான் பொறந்திருச்சே, இனிமே எதுக்கு ஓடணும்னு கேட்டாங்களாம். படிச்ச பொம்பளை. இவ எழுந்து வந்துட்டா.

அப்ப விட்டிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்குமோ என்னவோ. விடலையே. மண்டல அணியில இருந்தா மட்டும் பர்மிஷன்னு இந்த முப்பத்தேழு நிமிஷ விதி வந்தது தெரிஞ்சதும் மறுபடியும் ஆரம்பிச்சா. மத்தியானம் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். அஞ்சு நிமிஷத்துல முழுங்கிட்டு, ஆபீஸ் பின்னால பழைய டிரான்ஸ்பார்மரெல்லாம் போட்டு வச்சிருக்கிற யார்டு இருக்கு, அதச் சுத்துவா. ஒரு சுத்து நூத்திப்பத்து மீட்டர். ரெண்டு மூலையில எண்ணெய் வழுக்கும், அங்க மட்டும் நடப்பா. வேர்வையோட வந்து ஸ்டூல்ல உக்காந்தா பக்கத்துல இருக்கிறவங்க மூக்கப் பொத்திக்குவாங்க. ரெண்டு வருஷம்மா. நூத்திப்பத்து மீட்டர் யார்டுல சுத்திச் சுத்தி இங்க வந்து நிக்கிறா. அந்தச் சின்னப் பிள்ளைங்களுக்கு யாராவது இதச் சொல்லணும், நீங்க யாரோட ஓடறீங்க தெரியுமான்னு.

இருபது! அஞ்சு பாக்கி. மணி என்ன... இருபத்தொம்பது நாப்பது. தொண்ணூத்தொண்ணுக்குப் போயிட்டா. இருங்க, கணக்குப் போடறேன். ஏழு நிமிஷம் இருபது செகண்டு இருக்கு. அஞ்சு ரவுண்டு. ரவுண்டுக்கு எண்பத்தெட்டு. எண்பத்தெட்டு போட்டாச் சரியா அந்த முப்பத்தேழுல நிக்குது. அதுக்கும் ஒரு துளி கீழ வரணும். முடியும். முடியும்மா. நீங்களும் கத்துங்க, உங்க குரல் நல்லா இருக்கும். எண்பத்தெட்டு பாப்பா! எண்பத்தெட்டு!

திரும்பிப் பாத்தா. பாத்தீங்களா, திரும்பிப் பாத்தா. நான் வந்தது அவளுக்குத் தெரியாது. வர வேண்டாம்னுதான் சொன்னா. பதட்டமாயிடும்பா, நீங்க வீட்டுலயே இருங்கன்னா.

இல்ல, கோபமெல்லாம் இல்ல, எம் மேல உயிரு. அதுதான். மாசத்துக்கு ஒரு தடவயாவது கேப்பா, அந்த நோட்டீஸ் எழுதினவன் யாருன்னு தெரிஞ்சுதாப்பான்னு. உங்களுக்குத் தெரியாத சங்கத்து ஆளா, விசாரிங்கப்பாம்பா. விசாரிக்கிறேம்மான்னு சொல்லுவேன்.

இருபத்திரண்டு. மூணு பாக்கி. அஞ்சாவதுல போறவள நெருங்கிட்டா. அந்தப் பொண்ணு செத்துட்டு ஓடுது, இவ தாண்டிடுவா. தாண்டு. தாண்டு... தாண்டிட்டா!

என்ன கேட்டீங்க? சத்தத்துல கேக்கல.

நான்தாம்மா. நான்தான் எழுதினேன்.

இல்ல, தெரிஞ்சு இல்ல. தெரிஞ்சு எழுதுவேனா? சரகத்துலேருந்து ரெண்டு பேர் வந்தாங்க. தோழர், சில பேர் ரெண்டு மணிக்கே போயிடறாங்க, மேல இருக்கிறவங்களுக்கு வேண்டியவங்க, அவங்க வேலை எங்க தலையில விழுதுன்னாங்க. நான் பேர் கேக்க மாட்டேன். அது எங்கிட்ட ஒரு பழக்கம், கொள்கைன்னே வச்சுக்குங்க. ஆளப் பத்தி எழுதினா சண்டைதான் வரும், முறையப் பத்தி எழுதணும்னு நாப்பது வருஷமா சின்னப் பசங்களுக்கு வகுப்பு எடுத்தவன். எந்த ஆபீஸ், யாரு, எதுக்குப் போறாங்க, ஒரு கேள்வி கேக்கல. அதிகாரி மச்சான் மாதிரி ஆளுங்களத்தான் மனசுல வச்சிருந்தேன். அவங்க கேட்ட வேகத்துல அங்கயே எழுதிக் குடுத்தேன். டீ ஆறல. பிரமாதம் தோழர்னு சொல்லிட்டுப் போனாங்க, எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு.

எம் பொண்ணு ரெண்டு மணிக்குப் போறான்னு எனக்குத் தெரியாதான்னு கேக்கறீங்களா? தெரியும். மூணு வருஷமாத் தெரியும். பயிற்சிக்குப் போறான்னுதான் தெரியும். வேலையிலேருந்து போறான்னு தோணல. எப்படித் தோணாமப் போச்சுன்னு எங்கிட்டக் கேக்காதீங்க.

அவ அம்மாவுக்கு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. அந்தக் காகிதத்தப் படிச்சா, எம் முகத்தப் பாத்தா, மடிச்சு வச்சா. அவ்வளவுதான். இன்னி வரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. நான் பேனாவ எடுத்தா எழுந்து வேற ரூமுக்குப் போயிடுவா. அதனால எழுதறத விட்டுட்டேன். வெளிய ஆளுங்க கேட்டா கண்ணு தெரியலன்னு சொல்லிடறது.

மணி அடிக்கறாங்களே, அது சிவப்புக்கு அடிச்சதும்மா முன்னாடி, இப்ப இவளுக்கு. கடைசி ரவுண்டு. முப்பத்தஞ்சு... முப்பத்தெட்டு. எண்பத்திரண்டு செகண்டுக்குள்ள வரணும். இன்னிக்கு ஒரு ரவுண்டுகூட அவ்வளவு வேகமா ஓடல. ஆனா ஓடுவா, பழைய ஆளுன்னா ஓடுவா. ஓடு பாப்பா! இப்பக் குடு! எல்லாத்தையும் குடு!

இன்னிக்கு முப்பத்தேழுக்குள்ள வந்துட்டா சொல்லவே வேண்டாம்னு நினைச்சுக்கிட்டுத்தாம்மா வீட்டுலேருந்து கிளம்பினேன். பர்மிஷன் திரும்பக் கிடைச்சுடுச்சு, போனது போச்சு, இது என்னோட மண்ணுக்குள்ள போகட்டும்னு. பஸ்ல வரும்போது ஒரு மாதிரி வேண்டிக்கிட்டேன்கூட. நான் சாமி கும்பிடறவன் இல்ல. யாருகிட்ட வேண்டினேன்னு தெரியல.

அந்தப் பக்கம் திரும்பிட்டா. கால நல்லாத் தூக்கறா. பாருங்க, கையப் பாருங்க, கடியாரம் போயி... ஓடறா, ஓடறா, எம் பொண்ணு ஓடறா. நாலாவது ஆளையும் பிடிச்சுட்டா. நேர் கோட்டுக்கு வந்துட்டா. மணியப் பாருங்க, எனக்குத் தெரியல, சொல்லுங்க. சொல்லுங்கம்மா. அம்பத்தஞ்சு. அம்பத்தெட்டு. இன்னும் கோடு...

எவ்வளவு?

இல்ல, நீங்க சரியாப் பாருங்க. போர்டுல போடுவாங்க. மேல போடுவாங்க பேரோட.

முப்பத்தேழு, ரெண்டு.

ரெண்டு செகண்டு.

இல்லம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன். தண்ணி வேணாம். நாலாவது வந்தா பாத்தீங்களா? முப்பத்தொரு வயசுல, யார்டுல சுத்திட்டு வந்து, இருபது வயசுப் பிள்ளைங்களத் தாண்டி நாலாவது. கைதட்டுங்க. யாராவது கைதட்டினாத்தானே அவளுக்குத் தெரியும்.

இன்னும் படுக்கல. எல்லாரும் கீழ விழுந்து கெடக்காங்க, இவ நிக்கிறா, இடுப்புல கைய வச்சு. போர்டப் பாக்கறா. பாத்துட்டா.

இங்கதான் வர்றா. சிரிச்சுக்கிட்டு வர்றா. எனக்காகச் சிரிக்கிறாம்மா, நான் மனசொடைஞ்சுடக் கூடாதுன்னு.

நீங்க எழுந்திரிக்காதீங்க. உங்க பொண்ணு கூப்பிடுது, தெரியுது, அதோ கையாட்டுது, ரெண்டு நிமிஷம் இருக்கச் சொல்லுங்க. அதுவும் வரட்டும், வந்து உக்காரட்டும். ஆயிரம் பேர் முன்னால நின்னாத்தாம்மா எனக்கு வாய் திறக்கும், தனியா ஒரு ஆள் முன்னால ஆறு வருஷமாத் திறக்கல. நீங்க ஒருத்தர் பக்கத்துல இருந்தாக்கூடச் சொல்லிடுவேன். நீங்க போயிட்டீங்கன்னா, பரவால்லம்மா, நல்லா ஓடினே, நான் விசாரிக்கிறேன்னுதான் சொல்லுவேன். உக்காருங்க. தள்ளி உக்காருங்க கொஞ்சம், அவளுக்கு இடம் விடுங்க.

வா பாப்பா. உக்காரு. இவங்க... இவங்க நமக்குத் தெரிஞ்சவங்கதான்.